தந்தப் பெண்ணின் இடது சிறுநீரகம்

வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு ஒரு பெண் சாப்பாட்டு மேசை மேல் மல்லாந்து படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு தட்டு பிஸ்கட்டும் மூன்று கோப்பை பால் விடாத தே ஓவும் இருந்தன.

பிஸ்கட்டுக்கு நீட்டிய கையை லோஷினி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "பாஸ், இவங்கள மூடி வச்சிட்டுச் சாப்பிடலாமா?"

குணாளன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு மேசையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டிய பொருள்தான். ஒரு சாண் நீளத்துக்குமேல் இல்லாத பெண். முழுக்க யானைத் தந்தம். தலைக்கு வைத்த தலையணைகூடத் தந்தம். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் எவனோ ஒரு புண்ணியவான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செதுக்கியிருக்கிறான். மார்பும் வயிறும் சேர்ந்த மூடியைத் தூக்கினால் நுரையீரல், இதயம், ஈரல், குடல் என்று ஒவ்வொன்றாகக் கழன்று வரும். எல்லாவற்றுக்கும் அடியில் கருப்பை. அதற்குள் ஒரு நூலில் கட்டிய குட்டிச் சிசு.

"மருத்துவச்சிங்களுக்குச் சொல்லிக் குடுக்க வச்சிருந்தாங்கன்னு ஒரு கட்சி. பெரிய டாக்டருங்க பெருமைக்கு மேசையில வச்சிருந்தாங்கன்னு ஒரு கட்சி. நிச்சயமா யாருக்கும் தெரியாது," என்றார் டாக்டர் பெர்னார்ட்.

"எதுவா இருந்தாலும் பாவம் அங்கிள். முந்நூறு வருஷமா பிரசவம் ஆகல," என்றாள் லோஷினி.

டாக்டர் சிரிக்கவில்லை. மூவார் ஊரில் பாதிப் பேருடைய குடல்வால் அவர் கையால் போனதுதான். ஓய்வுபெற்றும் சட்டைக் கை மடிப்பு கலையாத மனிதர். மனைவி வினிஃப்ரெட் காலமான பிறகு, ஆற்றுமுகத்தைப் பார்த்த இந்தப் பெரிய வீட்டில் அவரும், சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் இருக்கும் வெள்ளையம்மாவும்தான். தனியார் துப்பறிவாளர் குணாளனையும் அவருடைய உதவியாளர் லோஷினியையும் ஜொகூர் பாருவிலிருந்து அவசரமாக வரவழைத்தவர், வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தார்.

"இது வினிஃப்ரெட் வீட்டுப் பொருள். அவ தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரில கட்டுப் போடற டிரெஸ்ஸரா இருந்தாரு. வெள்ளக்காரத் தொர டாக்டர் ஊருக்குத் திரும்பறப்ப அவர்கிட்ட குடுத்துட்டுப் போனது. பெர்மிட் எல்லாம் சரியா இருக்கு. நாளைக்குக் கோலாலம்பூர்லேருந்து மியூசியத்து ஆளுங்க வந்து எடுத்துக்கிட்டுப் போறாங்க. நேத்துதான் பெட்டியத் திறந்தேன். இடது கிட்னிய காணோம்."

"கடைசியா எப்ப திறந்தீங்க?" குணாளன் நிமிரவில்லை.

"ரொம்ப வருஷம் ஆச்சு."

"யாரு எடுத்திருப்பாங்கன்னு சந்தேகம்?"

"சந்தேகம் என்ன? வெள்ளையம்மாதான். கேட்ட உடனே ஒத்துக்கிட்டா."

லோஷினிக்குத் தே ஓ புரையேறிவிட்டது. "அலமாக்! திருடனே ஒத்துக்கிட்ட கேஸா? அப்புறம் எங்கள எதுக்கு அங்கிள் கூப்பிட்டீங்க?"

"எடுத்தேங்கறா. எங்க வச்சிருக்கேன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறா." டாக்டரின் குரல் உடைந்தது கோபத்தாலா வேறெதனாலா என்று லோஷினியால் சொல்ல முடியவில்லை. "இத்தன வருஷம் என் வீட்டுல ஒருத்தியா வச்சிருந்தேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அவ சொந்தத்துல ஒரு சாவு. கேட்ட லீவு குடுத்தேன். நான் குடுத்ததா வைக்கச் சொல்லி ஒரு மாலை வாங்கிக் குடுத்து, என் காடியிலயே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு விட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். வாயத் திறக்கலேன்னா போலீஸ்தான். வயசானவள லாக்கப்ல உக்கார வைக்க எனக்கு ஆசையா? அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

குணாளன் ஒரு குண்டூசியால் சிசுவைக் கட்டியிருந்த நூலை மெல்லத் தூக்கினார். ரோஜா நிறத்துக் கம்பளி நூல். பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு காது விட்டு முடிச்சுப் போட்டிருந்தது.

"இது பழைய நூல் இல்லையே?"

"பட்டு நூல் இத்துப் போச்சு. மாத்தினது."

"நீங்க கட்டினதா?"

"ஞாபகம் இல்ல."

"பிள்ளைங்க இருக்காங்களா டாக்டர்?"

"இல்ல," என்றார் பெர்னார்ட். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சமையலறையில் வெள்ளையம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் போலீஸ் வரப்போகிறது, அம்மாள் சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கிறார்! லோஷினிக்கு ஆற்றாமையாக இருந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பசியாறியாச்சாம்மா?" என்றுதான் வெள்ளையம்மா முதலில் கேட்டார்.

"ஆச்சு ஆண்ட்டி. நீங்க அந்தக் கிட்னிய எங்க வச்சீங்கன்னு மட்டும் சொல்லிருங்க. நாங்க எடுத்துக் குடுத்துட்டு, உங்க சாம்பாரையும் ஒரு பிடி பிடிச்சிட்டுக் கிளம்பிருவோம்."

"போலீஸக் கூப்பிடச் சொல்லும்மா. எங்க வேணாலும் வரேன். அத மட்டும் கேக்காத."

"ஜெயில்ல சாப்பாடு சகிக்காது ஆண்ட்டி."

"எனக்குச் சோறு எறங்கியே நாளாச்சு," என்றார் வெள்ளையம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளலாம். லோஷினி அப்படி நினைக்கவில்லை.

மேற்கொண்டு எதுவும் பெயரவில்லை. எழுந்தவளின் கண் சுவர் ஆணியில் தொங்கிய வெங்காயப் பையில் பட்டது. சிவப்புத் துணிப்பை. முன்பக்கம் மாரியம்மன் படம். அதற்குக் கீழே கோயில் பெயர், பத்து பாகாட் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு தோட்டத்தின் பெயர். லோஷினி வெங்காயத்தைக் கூடையில் கொட்டிவிட்டுப் பையைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"பாஸ், மூவார்ல மாரியம்மனுக்குப் பஞ்சமா?"

குணாளன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஞ்சம் இல்ல. அப்ப ஒரு அம்மா எதுக்கு ஒரு மணி நேரம் பஸ்ல போய் வேற ஊரு மாரியம்மனக் கும்பிடறாங்க? காடிய எடு."

கடற்கரைச் சாலையில் பாரிட் ஜாவா தாண்டும்வரை லோஷினி ஒழுங்காக ஓட்டினாள். அதற்குமேல் அவளால் வாயை மூடிக்கொண்டு ஓட்ட முடியவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல பாஸ். விக்கறதுக்கு எடுத்தா முழுப் பொம்மையையும் எடுக்கணும். ஆசைக்கு எடுத்தா அந்தப் பாப்பாவ எடுக்கணும். யாராச்சும் இடது கிட்னிய எடுப்பாங்களா?"

"உனக்குக் கண்ணு வலிச்சா உங்க அம்மா கோயில்ல என்ன வாங்கிப் போடுவாங்க?"

"வெள்ளித் தகட்டுல கண்ணு."

"கால் வலிச்சா?"

"கால். சின்ன வயசுல எனக்கு வாய் ஒண்ணு வாங்கிப் போட்டாங்க பாஸ், கொஞ்சம் அடங்கட்டும்னு. ஆத்தா இன்னும் கவனிக்கல." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். "ஐயோ. உருவத் தகடா? ஒரு முந்நூறு வருஷத்து ஜெர்மன் பொம்மையோட கிட்னிய எடுத்து மாரியம்மனுக்கு நேர்ந்து விட்டுட்டாங்களா?"

"நமக்கு அது பொம்மையோட கிட்னி. அவங்க கண்ணுக்கு அது வேறயா தெரிஞ்சிருக்கு," என்றார் குணாளன்.

தோட்டம் விற்றுப்போய், தொழிலாளர் லயங்களை இடித்து, ஆட்கள் எல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு இடம்பெயர்ந்த பிறகும் கோயில் மட்டும் எண்ணெய்ச் செம்பனைகளுக்கு நடுவே பளிச்சென்று பெயின்ட் அடித்துக்கொண்டு நின்றது. பூசாரியும் அவரே, அர்ச்சனைத் தட்டுக் கடைக்காரரும் அவரே. தங்கராஜு என்று பெயர். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளித் தகடுகள் அடுக்கியிருந்தன. கண், கை, கால், வயிறு, தொட்டில், பிள்ளை. வீடு கட்ட நேர்ந்துகொள்பவர்களுக்கு ஒரு வீடுகூட இருந்தது.

குணாளன் பெட்டியைத் தட்டினார். "அண்ணே, கிட்னி இருக்கா?"

தங்கராஜுவின் கையிலிருந்த தேங்காய் நழுவியது. "நீங்களுமா!"

லோஷினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வேற யாருண்ணே கேட்டா?"

"தீபாவளிக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. கிட்னி இருக்கான்னாங்க. அம்மா, இது கோயில் கடை, ஆஸ்பத்திரி இல்லன்னேன். வயித்துத் தகடு எடுத்துக் குடுத்தேன். 'வயிறப் போட்டா நான் பிள்ள வரம் கேக்கறேன்னு ஆத்தா நெனச்சுக்குவா, வேணாம்'னாங்க. டவுன்ல பத்தர் இருக்காரு, சொன்னா வெட்டிக் குடுத்துருவாருன்னேன். 'தேவையில்ல, வீட்டுலயே ஒண்ணு இருக்கு'ன்னுட்டுப் போனாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. மறு வாரம் வந்தாங்க. கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்தாங்க. தட்டைப்பயறு அளவுல வெள்ளையா ஒண்ணு."

லோஷினி வெற்றிக் களிப்பில் குணாளனைப் பார்த்தாள். அவர் முகத்தில் களிப்பு எதுவும் இல்லை.

"பத்தர்கிட்ட போனா சுலபமா முடியற வேல," என்றார் அவர். "அத விட்டுட்டு, சோறு போட்ட வீட்டுலேருந்து எடுக்கறாங்கன்னா, அது அந்த வீட்டுலேருந்துதான் வரணும்னு நெனச்சிருக்காங்க. எந்தப் பொருள் லோஷினி அப்படிக் கண்டிப்பா ஒரு வீட்டுலேருந்து வரணும்?"

"பொறந்த வீட்டுச் சீரு," என்றாள் லோஷினி. சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. "டாக்டருக்குப் பிள்ளைங்க இல்லேன்னாரே பாஸ்?"

"ரோஸ் கலர் கம்பளி நூல். பட்டாம்பூச்சி முடிச்சு. ஒரு சர்ஜன் அப்படியா முடிச்சுப் போடுவாரு? மடியில ஒரு சின்னப் பொண்ண உக்கார வச்சு, பெட்டியத் திறந்து காட்டியிருக்காரு. நூல் அறுந்தப்ப அவ தலைக்குக் கட்டறதுலேருந்து எடுத்துக் கட்டியிருக்கா."

தங்கராஜு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஷரோன்," என்றார் மெதுவாக. "அர்ச்சனைக்கு அந்தப் பேருதான் சொன்னாங்க. நட்சத்திரம் என்னன்னு கேட்டேன். வேதக்காரப் பொண்ணு, நட்சத்திரம் பார்க்கலேன்னாங்க. நட்சத்திரம் இல்லாம நான் எப்படிம்மா சொல்றதுன்னா, 'அவ பொறந்த தேதி தெரியும், நேரம் தெரியும், நான்தான் மொதல்ல கையில வாங்கினேன், நீயே பார்த்துச் சொல்லு'ன்னாங்க. பஞ்சாங்கம் எடுத்துப் பார்த்தேன். ரோகிணி. நம்ம தோட்டத்துப் பையன் ரூபேந்திரனோட சம்சாரம்தான். அவன் சாமி இது. அதான் இங்க வந்து நேர்ந்துக்கிட்டாங்க."

"இப்ப அந்தக் கிட்னி எங்கண்ணே?"

"திரும்ப வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மாசம் இருக்கும். சாமிக்குப் போட்டத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? நான் குடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். அந்தம்மா என்கிட்ட பேசவே இல்ல. ஆத்தா முகத்தப் பார்த்து, 'நீ வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?'ன்னு கேட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டேன்."

குணாளன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். லோஷினியோ பரபரத்தாள்.

"குணமாயிருச்சு பாஸ்! அதான் திருப்பி வாங்கியிருக்காங்க. அந்தக்காகிட்டதான் இருக்கும். போய் வாங்கிருவோம். இல்லேன்னா பாஸ், கெடைக்கலேன்னா, டாக்டர்கிட்டயே சொல்லுவோம். அப்பா இருக்காரு, ஆளு நல்லா கல்லு மாதிரி இருக்காரு, ஒரு கிட்னி குடுக்க மாட்டாரா?" தங்கராஜுவிடம் கையை நீட்டினாள். "அண்ணே, வீடு எங்கன்னு சொல்லுங்க. அப்படியே அந்தக்காவுக்குக் கொஞ்சம் குங்குமமும் பூவும் குடுங்க, நாங்களே கொண்டு போய்க் குடுக்கறோம்."

தங்கராஜு குங்குமத் தட்டைத் தொட்டார். எடுக்கவில்லை.

"அந்த வீட்டுக்கு இந்த வருஷம் கோயில் பிரசாதம் கொண்டு போகக் கூடாதும்மா," என்றார்.

லோஷினியின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு அவளாகவே அதை இறக்கிக்கொண்டாள்.

பத்து பாகாட்டில் ஒரு தாமான். வரிசை வீடு. ரூபேந்திரன் துணித் தொழிற்சாலைச் சட்டையிலேயே கதவைத் திறந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். தாடி மழித்து நாளாகியிருந்தது. கூடத்துச் சுவரில் ஒரு படம், மாலை, முன்னால் எரியும் விளக்கு. படத்திலிருந்த பெண்ணுக்கு டாக்டர் பெர்னார்டின் மூக்கும் நெற்றியும் அச்சாக இருந்தன. லோஷினி அந்தப் படத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்க முடியாமல் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"டாக்டர் அனுப்பிச்சாரா?" என்றான் ரூபேந்திரன். உட்காரச் சொன்னான். தண்ணீர் கொண்டு வந்து வைத்தான். குரலில் மட்டும் மரியாதை இல்லை. "இப்பவாச்சும் ஆள் அனுப்பணும்னு தோணிச்சே."

"உடம்பு முடியாம இருந்தப்ப அவருக்குச் சொல்லலையா தம்பி?" என்றார் குணாளன்.

"அவதான் விடல. டயலிசிஸ் போக ஆரம்பிச்சப்பவே நான் சொன்னேன், போய் அப்பா கால்ல விழுவோம்னு. என்னைக் கட்டிக்கிட்டதுக்கு, இனிமே உன் பேரு இந்த வீட்டுல இல்லன்னு சொன்னவருதான், ஆனாலும் பெத்தவருலா. அவ என்ன சொன்னா தெரியுமா சார்?" ரூபேந்திரன் படத்தைப் பார்த்தான். "'கேட்டா கிட்னிய குடுத்துருவாரு ரூபன். ஆனா பேச மாட்டாரு. பேசாத மனுஷனோட கிட்னிய உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கறது?'ன்னா. வெள்ளையம்மா ஆண்ட்டி மட்டும் மாசம் ஒரு தடவ வந்து பார்ப்பாங்க. அவங்ககிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டா, அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு."

"கடைசியிலயும் சொல்லலையா?"

"நான் சொன்னேன் சார். சத்தியம் பண்ணது ஆண்ட்டி, நான் இல்லையே. ஐசியூவுலேருந்து போன் பண்ணேன். என் குரலக் கேட்டதுமே கட் பண்ணிட்டாரு. மறுநாள் அவ போயிட்டா. அன்னிக்கும் பண்ணேன். 'மாமா'ன்னேன். கட் பண்ணிட்டாரு." விளக்கின் திரியைத் தூண்டிவிட்டான். "அதையெல்லாம்கூட மன்னிச்சிருவேன். ஆனா ஆண்ட்டி வர்றப்ப ஒரு மாலை கொண்டு வந்தாங்க பாருங்க. 'உன் மாமனார் வாங்கிக் குடுத்தது, அவ மேல போடுய்யா'ன்னாங்க. மாலை அனுப்பத் தெரிஞ்ச மனுஷனுக்கு வரத் தெரியல. ஒரு மணி நேர ரோடு சார் இது!"

லோஷினிக்குச் சாப்பாட்டு மேசையருகே டாக்டர் பெருமையாகச் சொன்னது காதில் வந்து மோதியது. அவ சொந்தத்துல ஒரு சாவு. ஒரு மாலை வாங்கிக் குடுத்தேன்.

"அண்ணே," என்றாள். "அவருக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"மாலை யாருக்குன்னு தெரியாது. வெள்ளையம்மா ஆண்ட்டியோட சொந்தக்காரங்க யாரோன்னு நெனச்சு வாங்கிக் குடுத்தாரு. மக இல்லன்னு அவருக்கு இன்னும் தெரியாதுண்ணே."

ரூபேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ரெண்டு மாதமாக அந்த ஆளை வெறுத்துத்தான் அவன் எழுந்தான், வேலைக்குப் போனான், விளக்கேற்றினான். இப்போது பிடித்துக்கொள்ள அதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். குணாளன் எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தார். அவன் அடங்குகிறவரை எடுக்கவில்லை.

கடைசியில் குணாளன்தான் கேட்டார், கேட்கத்தானே வந்திருக்கிறார். "வெள்ளையம்மா ஒரு சின்னப் பொருள்..."

"தெரியும் சார். தூக்கறதுக்கு முன்னாடி அவ உள்ளங்கையில வச்சு விரல மூடி விட்டாங்க. 'இது உங்கம்மாவோடது, உனக்குச் சேர வேண்டியது. பொறந்த வீட்டுலேருந்து ஒண்ணாவது உன்கூட வரட்டும்'னாங்க. மின்சுடலைக்கு அப்படியேதான் போனா."

திரும்புகிற வழியில் செமெரா என்ற ஊரைத் தாண்டி மீன் வாடை காடிக்குள் வந்தபோதுதான் லோஷினி பேசினாள்.

"பாஸ், ஒரு தட்டைப்பயறு வாங்கி வெள்ளை பெயின்ட் அடிச்சு உள்ள வச்சிருவோமா? யாரு பார்க்கப் போறா?"

"மியூசியம்கூட ஏமாந்துரும். ஆனா நாளைக்கும் அந்தம்மா அவருக்குச் சோறு போடணும். நாளன்னிக்கும் போடணும். வாயில இத வச்சுக்கிட்டு."

"இது வரைக்கும் அப்படித்தானே போட்டாங்க."

"அதான் முடியாமத்தான் போலீஸக் கூப்பிடச் சொல்றாங்க. எங்க இருக்குன்னு அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அதுக்கு ஒரே பதில்தான் இருக்கு. அதச் சொல்றதவிட ஜெயிலே தேவலன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப நாமதான் சொல்லணுமா?"

குணாளன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்தவர். ஒரு வார்த்தைக்குப் பயந்து அவர் முகம் திருப்பி அவள் பார்த்ததில்லை.

டாக்டர் பெர்னார்ட் வாசலிலேயே நின்றிருந்தார், கையில் போனோடு. மேசை மேல் தந்தப் பெண் அப்படியே படுத்திருந்தாள். சமையலறைக் கதவருகே வெள்ளையம்மா, வெளியே போகிற புடவையைக் கட்டி, ஒரு சின்னப் பையையும் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"கெடைச்சதா?" என்றார் டாக்டர்.

குணாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். லோஷினி போய் வெள்ளையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆண்ட்டி, நாங்க ரூபேந்திரன் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டோம்," என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் டாக்டர் முகம் கறுத்தது. "யாரு வீட்டுக்கு?"

வெள்ளையம்மாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

"பாப்பாவுக்குத்தான் எடுத்தேங்கய்யா. நம்ம பாப்பாவுக்கு. ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லிட்டாங்க. ஆத்தாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். உங்க வீட்டுலேருந்து போனாத்தானே அது பாப்பாவுக்குப் போய்ச் சேரும்? அதான் எடுத்தேன்."

பெர்னார்டுக்குள்ளிருந்து பேசியது அப்பன் இல்லை, டாக்டர். கடகடவென்று பேசினார்.

"ரெண்டுமா? எப்பலேருந்து? எந்த சென்டர்ல டயலிசிஸ்? யாரு பார்க்கறா?" சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். "எனக்கும் ஓ பாசிட்டிவ், அவளுக்கும் ஓ பாசிட்டிவ். எனக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல. இந்த வயசுல எத்தனையோ பேரு குடுத்திருக்காங்க. முட்டாள் பொண்ணு! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் காடிச் சாவி எங்க வெள்ளையம்மா? இப்பவே போவோம். இல்ல, இரு. மொதல்ல போன் போடு. நான் அவகூடப் பேசணும். மொதல்ல பேசிட்டுத்தான் போகணும்."

வெள்ளையம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். குணாளன் தரையைப் பார்த்தார். டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, போனை நீட்டியபடி நின்றார். யாராவது அதை வாங்கித்தான் ஆக வேண்டும். லோஷினி போய் வாங்கினாள்.

"அங்கிள்," என்றாள். "ஷரோன் அக்கா இப்ப இல்ல அங்கிள். ரெண்டு மாசம் ஆச்சு. ஆண்ட்டிகிட்ட நீங்க வாங்கிக் குடுத்த மாலை அவங்களுக்குத்தான் போட்டாங்க."

டாக்டர் நாற்காலியைத் தேடினார். குணாளன் இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். அவர் அழவில்லை. எத்தனையோ குடும்பத்துக்கு இந்தச் செய்தியைச் சொல்லிப் பழகியவர், கேட்டுப் பழகாதவர். தலையை நிமிர்த்தினார்.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"மாப்பிள்ளை போன் பண்ணாருங்கய்யா," என்றார் வெள்ளையம்மா. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு தடவ பண்ணாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"ஆமா, பண்ணான்," என்றார் பெர்னார்ட். அவர் பார்வை யார் மேலும் இல்லை. "குரல் தெரிஞ்சுது. மன்னிப்புக் கேக்கத்தான் பண்றாங்கன்னு நெனச்சேன். அவ்வளவு சீக்கிரம் குடுத்துரக் கூடாது, இன்னொரு தடவ கேக்கட்டும்னு வச்சிட்டேன்."

வெள்ளையம்மா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது தடவ எடுக்கலாம்னு இருந்தேன் வெள்ளையம்மா," என்றார்.